லட்சுமிகாந்தன் கொலை வழக்கு: என்.எஸ். கிருஷ்ணன் – மதுரம் வீட்டின் பக்கமிருந்து

1944இல் சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொல்லப்பட்ட வழக்கு என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அன்றைய பாட்டு நட்சத்திரம் தியாகராஜ பாகவதரின் பெயர். தங்கத் தட்டில் சாப்பிட்டவர், சிறைக்குப் போனார், திரும்பி வந்தபோது உலகம் மாறியிருந்தது என்று அந்தக் கதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கப்படும். அதே வழக்கில், அதே தண்டனையோடு, அதே அளவு காலம் உள்ளே இருந்த இன்னொருவர் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் வீடு அந்த ஏறக்குறைய 28 மாதங்களை எப்படிக் கடந்தது என்பது வழக்கைப் பற்றிய எழுத்துகளில் ஓரிரு வரிகளில் முடிந்துபோகிறது. இந்த வழக்கின் மிக முக்கியமான பகுதி அந்த ஓரிரு வரிகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கொலை எப்படி நடந்தது, நீதிமன்றம் என்ன சொன்னது என்பது ஒரு பாதி. ஒரு சினிமாக் குடும்பம் கொலை வழக்கைத் தாங்கிக்கொண்டே நாடகம் போட்டது, படம் எடுத்தது, அந்த வேலையில் தமிழ் சினிமாவின் போக்கே கொஞ்சம் திரும்பியது என்பது இன்னொரு பாதி.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்தவர். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். 1936இல் வந்த ‘சதி லீலாவதி’யில் சினிமாவுக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். அதே சமயத்தில், ராஜா சாண்டோ இயக்கிய ‘வசந்தசேனா’ படத்துக்காகப் புனாவுக்குப் போனபோதுதான் நடிகை டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். மதுரம் ஸ்ரீரங்கத்துக்காரர். கிருஷ்ணனுக்கு ஊரில் நாகம்மையோடு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. ஆனாலும் மதுரத்தோடு சேர்ந்த வாழ்க்கைதான் அவருடைய தொழிலையும் தீர்மானித்தது. பின்னாளில் மதுரத்தின் தங்கை வேம்புவும் அந்த வீட்டின் மனைவிகளில் ஒருவரானார். சிக்கலான குடும்பம்தான். அந்தச் சிக்கலுக்கு நடுவே தொழிலின் பாரத்தைச் சுமந்தவர் மதுரம்.

இவர்கள் தொழில் செய்த விதம் மற்ற நடிகர்களுடையதைப் போல் இல்லை. ஒரு படத்தில் நகைச்சுவை வேண்டுமென்றால் அந்தப் பகுதியை கிருஷ்ணன் தன் ஆட்களை வைத்துத் தானே யோசித்து, தானே எழுதி, தானே நடத்திக் கொடுப்பார். முக்கியக் கதைக்கும் அதற்கும் பல சமயம் நூலிழைத் தொடர்புகூட இருக்காது. அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் பாகவதர் ஒரு புராணத்தில் பாடிக்கொண்டிருப்பார், பக்கத்துத் தெருவில் கிருஷ்ணனும் மதுரமும் அன்றைய சண்டையைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். 1941இல் நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சந்திரஹரி’யையே தனிக் குறும்படமாக எடுத்தார் கிருஷ்ணன். வாய் திறந்தால் பொய் மட்டுமே பேசுகிற ஒரு ராஜாவின் கதை, அரிச்சந்திரனுக்கு நேர் எதிர். இந்த முறையில் வேலை செய்ய எழுத்தாளர், பாடகர், துணை நடிகர் என்று ஒரு குழு நிரந்தரமாகக் கூடவே இருந்தாக வேண்டும். அப்படி ஒரு குழு அவரிடம் இருந்தது. அவர் பெயரிலேயே என்.எஸ்.கே. நாடக சபையும் இருந்தது. பாகவதருக்கு இருந்தது அவர் குரல். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

இருவரும் சேர்ந்து நடித்த படங்கள் பல. ‘அம்பிகாபதி’ (1937), ‘திருநீலகண்டர்’ (1939), ‘அசோக்குமார்’ (1941), ‘சிவகவி’ (1943), கடைசியாக ‘ஹரிதாஸ்’ (1944). ‘சிவகவி’யை இயக்கியவர்களில் ஒருவரான ஸ்ரீராமுலு நாயுடுதான் இந்த வழக்கின் மூன்றாவது பெரிய பெயர்.

மஞ்சள் பத்திரிகையும் மனுவும்

சி.என். லட்சுமிகாந்தன் பொய் ஆவணம் தயாரித்த குற்றத்துக்காக ஏற்கெனவே சிறைத் தண்டனை அனுபவித்தவர். வெளியே வந்ததும் 1943இல் ‘சினிமா தூது’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று சொல்லி எழுதுவது, எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவது, இதுதான் அதன் வியாபாரம். எழுதியதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது வாங்கிப் படித்தவர்களுக்குத் தேவைப்படவில்லை. சினிமாவில் இருந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. மானநஷ்ட வழக்குப் போட்டால் அந்தரங்கம் நீதிமன்றத்தில் மறுபடியும் அலசப்படும் என்று பயந்து பலர் பணம் கொடுத்தார்கள். பணம் வாங்கிப் பழகியவன் அதோடு நிறுத்த மாட்டான்.

பாகவதர், கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் பணம் கொடுக்காமல் வேறு வழியைப் பார்த்தார்கள். அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பத்திரிகை நடத்த அரசின் அனுமதி வேண்டும். மூவரும் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். ‘சினிமா தூது’வின் உரிமம் ரத்தானது. சட்டப்படி சரியான நடவடிக்கை. அடிதடி இல்லை, ஆள் வைத்து மிரட்டலும் இல்லை. ஆனால் இதே மனுதான் பிறகு மூவருக்கும் எதிராகத் திரும்பியது. லட்சுமிகாந்தன்மேல் இவர்களுக்குப் பகை இருந்தது என்பதற்கு அவர்களே கையெழுத்துப் போட்ட காகிதம் கைவசம் இருந்ததே! லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற இன்னொரு பத்திரிகையை வாங்கி, பழைய வேலையை இன்னும் கடுமையாகத் தொடர்ந்தார். சினிமாக்காரர்களோடு நிற்காமல் வசதியுள்ள மற்றவர்களையும் பற்றி எழுதினார். அதனால் அவருக்கு எதிரிகள் ஒரு வட்டத்துக்குள் அடங்கவில்லை. ரகசியத்தை விற்றுப் பிழைக்கிற ஒருவரைக் கொல்ல நினைக்கக்கூடியவர்களின் பட்டியல் நீளமானது. இந்த வழக்கைப் படிக்கிற யாரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது.

1944 நவம்பர் 8

லட்சுமிகாந்தன் அன்று காலை வேப்பேரியில் தன் வழக்கறிஞர் நற்குணத்தின் வீட்டுக்குப் போய்விட்டு, புரசைவாக்கம் பக்கம் ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார். கை ரிக்‌ஷா. ஆள் இழுக்கிற வண்டி, வேகமாக ஓடித் தப்பவும் முடியாது, மறைந்துகொள்ள நாலு பக்கச் சுவரும் கிடையாது. ஜெனரல் காலின்ஸ் சாலையில் வழிமறித்துக் கத்தியால் குத்தினார்கள். குத்தியவர்கள் ஓடிவிட்டார்கள்.

குத்துப்பட்டவர் அங்கேயே விழவில்லை. ரத்தம் வழிய வழியத் திரும்ப வழக்கறிஞர் வீட்டுக்கே போனார். நற்குணம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பிப் பொது மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். போகிற வழியில் வேப்பேரி காவல் நிலையத்தில் நிறுத்திப் புகார் கொடுத்தார் லட்சுமிகாந்தன். அப்புறம்தான் மருத்துவமனை. உயிர் ஊசலாடும்போதும் முதலில் புகாரைப் பதிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. வாழ்க்கையில் பாதி நாளைச் சட்டத்தோடு மல்லுக்கட்டியே கழித்தவர் அல்லவா. அடுத்த நாள், நவம்பர் 9 விடியற்காலையில் இறந்துபோனார்.

டிசம்பர் மாதக் கடைசியில் கைதுகள் சினிமா உலகுக்குள் வந்தன. கத்தியால் குத்தியதாகச் சொல்லப்பட்ட வடிவேலு முதலானோரோடு பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் சதிக் குற்றத்தில் சேர்க்கப்பட்டார்கள். இவர்கள் பணம் கொடுத்து ஆள் வைத்துக் கொல்லச் சொன்னார்கள் என்பது அரசுத் தரப்பின் வாதம்.

அப்போது சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு, அதாவது கொலைக்கு மூன்று வாரம் முன்பு வெளியான படம். அது 1946 தீபாவளி வரை மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது தமிழ் சினிமா ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்கிற சாதனை. அந்தச் சாதனைக் காலத்தின் பெரும்பகுதியில் படத்தின் நாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறையில் இருந்தார்கள். காலையில் செய்தித்தாளில் வழக்கு விவரம் படித்துவிட்டு, சாயங்காலம் டிக்கெட் வாங்கிப் போய் அதே இருவரைத் திரையில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் ஜனங்கள். மதுரமும் அந்தப் படத்தில் இருந்தார். கணவன் உள்ளே, தான் வெளியே, இருவரும் சேர்ந்து சிரிக்க வைத்த காட்சி தினமும் பிராட்வேயில். அந்த நாட்களில் அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்திருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இந்த வழக்கை என்னால் படிக்க முடியவில்லை.

ஆறுக்கு மூன்று

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின் செஷன்ஸ் அமர்வில், நீதிபதி மாக்கெட் முன்பு, பொதுமக்களிலிருந்து எடுத்த ஜூரிகளோடு நடந்தது. அன்றைய குற்றவியல் நடைமுறைப்படி உயர்நீதிமன்ற செஷன்ஸில் ஒன்பது ஜூரிகள். ஒன்பது பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டியதில்லை. குறைந்தது ஆறு பேர் ஒரு பக்கம் நின்று, நீதிபதியும் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பு செல்லும். பாகவதர், கிருஷ்ணன் விஷயத்தில் ஜூரிகள் ஆறுக்கு மூன்று என்று பிரிந்தார்கள். ஒரே ஒருவர் மாறியிருந்தாலும் அந்த வடிவத்தில் அந்தத் தீர்ப்பு நின்றிருக்காது. 1945 மே 3ஆம் தேதி இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் காலச் சட்டப் பேச்சில் தீவாந்தர சிட்சை. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார்.

வழக்கின் பலவீனமான இடம் சதி. குத்தியவர் யார் என்பதற்குச் சம்பவ இடம், ஆயுதம், பார்த்தவர்கள் என்று ஏதாவது இருக்கும். ஏவியவர் யார் என்பதற்கு அப்ரூவரை விட்டால் பெரும்பாலும் வேறு சாட்சி கிடையாது. இந்த வழக்கிலும் அப்படித்தான். குற்றத்தில் தானும் பங்கு கொண்டதாகச் சொல்லி மன்னிப்புப் பெற்றுச் சாட்சி சொல்கிறவரை எவ்வளவு நம்பலாம் என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தில் பழைய கேள்வி. அப்ரூவரின் சாட்சியம் முக்கியமான விவரங்களில் வேறு வகையில் உறுதிப்படாவிட்டால் அதை நம்பத்தக்கதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று அந்தச் சட்டமே வழிகாட்டுகிறது. பயிற்சி பெற்ற நீதிபதிக்கே இது கத்திமேல் நடக்கிற வேலை. ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு வழக்கில், நடிகர்கள்மேல் ஏற்கெனவே ஆயிரம் வதந்தி உலவிய ஒரு நகரத்தில், ஒன்பது சாதாரண மனிதர்கள் அதைச் செய்ய வேண்டியிருந்தது. ‘சினிமா தூது’ விற்ற வதந்திகளை ஜூரிகளில் யாருமே படித்திருக்கவில்லை என்று நான் நம்பத் தயாரில்லை.

இங்கே ஒரு சட்ட விவரம் முக்கியம். உயர்நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்த வழக்குகளில், வழக்கின் சங்கதிகளைக் கேள்வி கேட்டு மேல்முறையீடு செய்யும் உரிமை 1943ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. கொலைக்கு ஒரு வருஷம் முன்பு! அந்தத் திருத்தம் வராமல் போயிருந்தால் ஜூரிகளின் முடிவோடு கதை ஏறக்குறைய முடிந்திருக்கும். மேல்முறையீடு நடந்தது. 1945 அக்டோபரில் உயர்நீதிமன்ற அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. மிச்சம் இருந்தது லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றம்.

லண்டன் வரை வழக்கு நடத்துவதென்றால் சும்மாவா? அங்கே தனி வழக்கறிஞர்கள், அச்சடித்த ஆவணங்கள், கப்பல் தபால், மாதக்கணக்கில் காத்திருப்பு. சம்பாதிக்கிறவர் சிறையில். இனி, அந்த வீட்டுக்குத் திரும்புவோம்.

மதுரத்தின் 28 மாதங்கள்

கிருஷ்ணன் கைதானபோது மதுரத்தின் தலையில் விழுந்தவை மூன்று. வக்கீல் செலவு. நாகர்கோவிலிலும் சென்னையிலும் இவர்களை நம்பியிருந்த குடும்பம். நாடக சபையை நம்பியிருந்த அத்தனை கலைஞர்கள். நாடக சபை ஓடாவிட்டால் மற்ற இரண்டுக்கும் பணம் வராது. முதலாளி கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்று ஊர் பேசும்போது அவர் பெயரில் இருக்கிற கம்பெனியை ஓட்டியாக வேண்டும்.

சபையை நடத்த முன்வந்தவர் எஸ்.வி. சகஸ்ரநாமம். அவரும் டி.கே.எஸ். கம்பெனியில் கிருஷ்ணனோடு வளர்ந்தவர். ஆனால் எல்லோரும் அவர் பின்னால் நிற்கவில்லை. குழு இரண்டாகப் பிரிந்தது. குழுவின் நடிகர் கே.ஆர். ராமசாமி தனியே போய்த் தஞ்சாவூரில் ஒரு நாடக சபை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் கிருஷ்ணன் நாடக சபா. பிரிந்து போனவரும் உள்ளே இருந்தவரின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார். கிருஷ்ணனின் பெயர் சந்தையில் கெட்டுப்போகவில்லை, இன்னும் கூட்டம் சேர்க்கும் என்று தொழில் தெரிந்த இரண்டு பேர் ஒரே சமயத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஜூரிகள் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பிளவு குடும்பத்துக்கு வலியாக இருந்திருக்கும். தமிழ் சினிமாவுக்கு அதிலிருந்து வந்தது பெரிய வரவு. கிருஷ்ணன் நாடக சபாவுக்காகத்தான் அண்ணாதுரை ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ நாடகங்களை எழுதிக் கொடுத்தார். ‘வேலைக்காரி’ 1949இல் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்தில், அதே ராமசாமி நாயகனாகப் படமானது. திராவிட இயக்கம் சினிமாவுக்குள் வந்த கதையைச் சொல்கிற எவரும் இந்தப் படத்தைத் தொடாமல் போக முடியாது. மறுபுறம், மதுரமும் சகஸ்ரநாமமும் காப்பாற்றிய என்.எஸ்.கே. நாடக சபை ப. நீலகண்டனின் ‘தியாக உள்ளம்’ நாடகத்தை மேடையேற்றியது. அதைப் பார்த்த ஏவி.எம். நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பன் ‘நாம் இருவர்’ என்று படமாக எடுத்தார். பாரதியார் பாடல்களோடு 1947 ஜனவரியில் அது வெளிவந்து வெற்றி பெற்றபோது கிருஷ்ணன் இன்னும் சிறையில். ஏவி.எம்.மின் அடுத்த பத்தாண்டு வளர்ச்சிக்கு அந்த வெற்றி எவ்வளவு உதவியது என்பது தெரிந்த விஷயம். 1951இல் ஏவி.எம். ‘ஓர் இரவு’ படத்தை எடுத்தபோது நாயகன் பிரிந்து போன சபையின் ராமசாமி, இயக்குநர் மூல சபையிலிருந்து வந்த நீலகண்டன். வழக்கால் உடைந்த ஒரு வீட்டின் இரண்டு துண்டுகள் ஆறு வருஷம் கழித்து ஒரே படத்தில் வேலை பார்த்தன.

இந்தத் தொடர்பை நான் ஊதிப் பெரிதாக்கவில்லை. கொலை நடக்காவிட்டால் அண்ணா நாடகமே எழுதியிருக்க மாட்டார் என்று சொல்ல வரவில்லை, அவர் முன்பே எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு பெரிய நடிகரின் கம்பெனிக்குள் துணை ஆட்களாக இருந்தவர்கள், அந்த நடிகர் இல்லாத சூழலில் தாங்களே தலைமை தாங்க வேண்டிய நிலை வந்தது. தலைமை நடிகரின் நகைச்சுவையை நம்பி நாடகம் போட முடியாது என்றானதும் அழுத்தமான கதையும் வசனமும் தேவைப்பட்டன. அதற்குப் புதிய எழுத்தாளர்கள் வேண்டியிருந்தார்கள். இது தொழில் நிலவரம் உண்டாக்கிய மாற்றம், தற்செயல் இல்லை.

அப்புறம் ‘பைத்தியக்காரன்’. வழக்குச் செலவுக்குப் பணம் புரட்ட என்.எஸ்.கே. பெயரிலேயே மதுரம் தயாரித்த படம் இது. இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையர் (இந்தக் கிருஷ்ணன் வேறொருவர்). சகஸ்ரநாமத்துக்கு முக்கியப் பாத்திரம். அப்போது இன்னும் பெரிய நட்சத்திரமாகாத எம்.ஜி.ஆரும் இருந்தார். கிழவனுக்கு இளம்பெண்ணைக் கட்டி வைக்கிற கொடுமைதான் கதைப் பொருள். ஆயுள் தண்டனைக் கைதியின் மனைவி என்ற நிலையில் ஒரு பெண் 1946–47இல் படத் தயாரிப்பில் இறங்கினார் என்பதை நின்று யோசிக்க வேண்டும். கடன் கொடுப்பவர் யோசிப்பார், விநியோகஸ்தர் யோசிப்பார், ஸ்டுடியோ முன்பணம் கேட்கும். அதையெல்லாம் தாண்டித்தான் கேமரா ஓடும். அதுவும் மனசுக்குப் பிடித்த பாதுகாப்பான புராணக் கதையை எடுக்காமல், சமூகத்தைக் கடிந்துகொள்கிற கதையை எடுத்தார். மதுரத்தை ‘என்.எஸ்.கே.யின் ஜோடி’ என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் படத்தின் தயாரிப்பாளர் யார் என்று ஒருமுறை பார்க்கட்டும்.

1947 ஏப்ரல்

பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடியும் உயர்நீதிமன்றத்துக்கே அனுப்பியது. இந்த முறை வி.எல். எத்திராஜ் வாதாடினார். அடுத்த வருஷம் பெண்கள் கல்லூரி தொடங்கிய அதே எத்திராஜ்தான். 1947 ஏப்ரலில் பாகவதரும் கிருஷ்ணனும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். அந்தச் சதி நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் சட்டத்தின் கடைசி வார்த்தை. லட்சுமிகாந்தனைக் கொல்ல ஏவியவர் என்று வேறு எவர்மீதும் அதற்குப் பிறகு விரல் நீட்டப்படவும் இல்லை.

படப்பிடிப்பில் இருந்த ‘பைத்தியக்காரன்’ படத்தில் திரும்பி வந்தவருக்காக ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார்கள். வருஷம் முடிவதற்குள் படம் வெளியானது. கிருஷ்ணன் திரும்பிப் போக ஒரு கம்பெனி இருந்தது, அதில் அவருக்கு ஒரு நாற்காலி காலியாக வைக்கப்பட்டிருந்தது. அதே 1947இல் சென்னை திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் ‘கலைவாணர்’ பட்டம் கொடுத்தார். இன்றைக்கு அவர் பெயராகவே ஆகிவிட்ட அந்தப் பட்டம் சிறைக்குப் பிறகு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆறு வருஷம் முன்பு தன் ‘சந்திரஹரி’யை நடித்துக் காட்டியவனுக்கு, சிறையிலிருந்து வந்த கையோடு அந்தப் பெரியவர் ஊரறியப் பட்டம் சூட்டினார். அது பாராட்டு மட்டும் இல்லை, நீதிமன்றம் சொன்னதை நாங்களும் ஏற்கிறோம் என்று நாடக உலகம் சொன்ன வாக்குமூலம்.

பாகவதருக்கு இது நடக்கவில்லை. அவர் உள்ளே போனதுமே அவருக்காகத் திட்டமிட்டிருந்த படங்கள் கைமாறின. ‘உதயணன்’ ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்குப் போனது, ‘ஸ்ரீ முருகன்’ ஹொன்னப்ப பாகவதருக்குப் போனது. வெளியே வந்து தானே தயாரித்த ‘ராஜமுக்தி’ (1948) தோற்றது. அதற்கு எழுதப் புனா போன புதுமைப்பித்தன் காசநோய் முற்றித் திரும்பி அதே ஆண்டில் இறந்துபோனார். ‘அமரகவி’, ‘சியாமளா’ என்று வந்தவையும் பழைய இடத்தைப் பிடித்துத் தரவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி அவர் காலமானார். சிறைதான் அவர் மனதை உடைத்தது என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கும். ஆனால் என் வாதம் வேறு. பாகவதரின் தொழில் முழுதும் ஒரு ஆளிடம் இருந்தது. அந்த ஆள் இல்லாத 28 மாதங்களில் அவர் சார்பில் எதுவும் இயங்க வழியில்லை. இதற்குள் ரசிகர்கள் பாட்டுப் படத்திலிருந்து வசனப் படத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அந்த நகர்வை முன்னின்று நடத்தியவர்களில் கிருஷ்ணனின் சொந்த ஆட்களே இருந்தார்கள். ஒரே தண்டனை, ஒரே விடுதலை, இரண்டு வீடுகளுக்கு இரண்டு முடிவு. திறமையில் யாரும் குறைந்தவரில்லை.

விடுதலைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கிருஷ்ணன் வேகமாக வேலை செய்தார். அண்ணா கதையில் ‘நல்லதம்பி’ (1949), அதில் நந்தனார் கதையை ரயிலேற்றிப் புதிதாகச் சொன்ன ‘கிந்தனார்’ காலட்சேபம். இயக்குநராக ‘மணமகள்’ (1951), ‘பணம்’ (1952). பத்மினியைத் தமிழில் நாயகியாக்கியது ‘மணமகள்’. சிவாஜியின் இரண்டாவது படம் ‘பணம்’. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இரட்டையராக இசையமைத்த முதல் படமும் அதுதான். இரண்டுக்கும் வசனம் மு. கருணாநிதி. சகஸ்ரநாமம் சேவா ஸ்டேஜ் என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, நாடக உலகில் தனக்கென ஓர் இடம் உண்டாக்கினார்.

இதனால் வழக்கு அந்த வீட்டுக்குச் சேதமே செய்யவில்லை என்று ஆகிவிடாது. கிருஷ்ணனின் வயது 36இலிருந்து 38 வரை, ஒரு நகைச்சுவைக் கலைஞன் உச்சத்தில் இருக்கும் காலம், சிறையில் போனது. அதற்கு நஷ்டஈடு என்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வழக்குக்குப் போன பணம் போனதுதான். வருகிறவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற அவர் குணமும் சேர்ந்துகொள்ள, கடைசி வருஷங்களில் கையில் பணம் தங்கவில்லை. 1957 ஆகஸ்ட் 30ஆம் தேதி, 49 வயது நிறைவதற்குள் இறந்துபோனார். அவரும் மதுரமும் நடித்த சிவாஜியின் ‘அம்பிகாபதி’ அதற்குப் பிறகுதான் வெளிவந்தது.

சென்னை தியாகராய நகரில் நிற்கிற கலைவாணர் சிலையை 1969 பொங்கலன்று திறந்து வைத்தவர் முதலமைச்சர் அண்ணா. அடுத்த மாதத் தொடக்கத்திலேயே அண்ணா மறைந்துவிட்டார். பிளவுபட்ட சபைக்கு நாடகம் எழுதியவரும் ‘நல்லதம்பி’க்குக் கதை கொடுத்தவரும் அவர்தான் என்பதால் அந்தத் திறப்பு ஒரு முதலமைச்சரின் சம்பிரதாய நிகழ்ச்சியாக இருந்திருக்க முடியாது. மதுரம் 1974 வரை வாழ்ந்தார். அவர் தயாரித்த படத்தையும், சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து அவர் காப்பாற்றிய சபையையும் லட்சுமிகாந்தன் வழக்கின் ஆவணங்களோடு வைத்துப் படிக்க வேண்டும். தீர்ப்புகளையும் பத்திரிகைச் செய்திகளையும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கை எழுதினால், குற்றம் சாட்டப்பட்டவர்கள் உள்ளே இருந்தபோது வெளியே வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் அதில் எங்கேயும் வரமாட்டார்.